தொழிலுக்கு மட்டுமே பயன்படும் அறை

வீட்டிலிருந்து வேலை செய்கிறவனை யாரும் வேலை செய்கிறவனாக எடுத்துக்கொள்வதில்லை. உங்களுக்கு அந்தச் சிரமம் தெரிந்திருக்க நியாயமில்லை. நீங்கள் காலையில் சீருடை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டுகிறீர்கள், தெருவே பார்க்கிறது. நான் அதே நேரத்தில் படுக்கையறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகிறேன். அதனால் எதிர்வீட்டுக்காரர் தன் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். மாடிவீட்டுக்கு வரும் பார்சலை நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்குவேன். குழாய் ரிப்பேருக்கு ஆள் வந்தால், "சார் சும்மாதான் இருக்காரு, அவர்கிட்ட கேளுங்க" என்று என் வீட்டு மணியை அடிக்கச் சொல்வார்கள். எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் செய்து கொடுத்தேன். அக்கம்பக்கத்தில் விசாரித்திருப்பீர்கள். சாதுவான மனிதர் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

நான் கையேடு எழுதுகிறவன். மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி, ஹீட்டர் வாங்கினால் டப்பாவுக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்கும் இல்லையா, யாரும் படிக்காமல் குப்பையில் போடுவது, அதை எழுதுவது நான். நிறுவனங்கள் சாமானை எனக்கு அனுப்பிவைக்கும். நான் அதை ஓட்டிப் பார்த்து, எந்தப் பொத்தானை முதலில் அழுத்த வேண்டும், எதை ஈரக் கையால் தொடக் கூடாது என்று எழுதித் தருவேன். முன்பு ஒரு கம்பெனியில் உட்கார்ந்து இதையே செய்தேன். அந்தப் பிரிவை மூடிவிட்டார்கள். பிறகு வீட்டின் பின்னறையில் மேஜை போட்டுக்கொண்டேன்.

பின்னறையில் என் மாமனார் இருந்தார்.

அவரைப் பற்றி உங்களிடம் என் மனைவி நிறையச் சொல்லியிருப்பாள். அவள் சொன்னது உண்மைதான். நல்ல மனிதர். ஆயுள் முழுக்கப் பேருந்து ஓட்டியவர். மாமியார் போனபின் தன் வீட்டை விற்று, அந்தத் தொகையை எங்கள் வீட்டுக்கு முன்பணமாகக் கொடுத்துவிட்டு ஒரு பெட்டியோடும் ரேடியோவோடும் வந்தார். அது அன்பளிப்பு, அதற்கு வரி கிடையாது என்று ஆடிட்டர் சொன்னார். பின்னறையை அவருக்குக் கொடுத்தோம். அவருக்குத் தொண்டை பெரிது. முன்னால் போகிற வண்டிக்குக் கேட்கிற மாதிரிதான் எப்போதும் பேசுவார். என் மேஜைக்குப் பின்னால் கட்டிலில் படுத்துக்கொண்டு நான் எழுதுவதை வேடிக்கை பார்ப்பார்.

"ஏன் மாப்பிள்ளை, சுவிட்ச் போடறதுக்கு ஒரு புக்கா?"

"ஆமா மாமா."

"அணைக்கறதுக்கு?"

"அதுவும் இதுலயேதான்."

"அப்ப பரவால்ல. ரெண்டு புக்குன்னா கஷ்டம்."

யாராவது வீட்டுக்கு வந்தால் என்னைக் காட்டி, "எல்லாரும் பொண்ணு குடுத்துட்டு மாப்பிள்ளை எங்க போனாருன்னு தேடுவாங்க. எனக்கு அந்தக் கவலையே இல்ல. என் மாப்பிள்ளை வீட்டோட மாப்பிள்ளை" என்பார். அவருடைய வீட்டில் நான் இல்லை, என் வீட்டில்தான் அவர் இருக்கிறார் என்பது அவருக்கும் தெரியும், வந்தவர்களுக்கும் தெரியும். அதனால்தான் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். இதை நான் மனதில் வைத்திருந்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். நகைச்சுவை எனக்கும் பிடிக்கும்.

வரிச்சலுகை பற்றி முதலில் சொன்னவர் ஆடிட்டர்தான். வீட்டிலிருந்து தொழில் நடத்துகிறவர் தொழிலுக்கென ஒதுக்கிய அறையின் செலவை, வாடகையோ வட்டியோ மின்சாரமோ, வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஒரே ஒரு நிபந்தனை. அந்த அறை தொழிலுக்கு மட்டுமே பயன்பட வேண்டும்.

"அங்க யாராவது படுத்துத் தூங்கினா அது பெட்ரூம் சார்," என்றார் ஆடிட்டர். "பகல்ல மேஜை போட்டாலும் பெட்ரூம்தான். அப்ப பாதிகூடக் கெடைக்காது."

"என் மாமனார் அங்கதான் படுக்கறார்."

அவர் பேனாவை மூடினார். "நான் அதக் கேட்கலையே சார். நீங்களும் சொல்லல. யார் வந்து கட்டிலுக்கு அடியில பார்க்கப் போறாங்க?"

நான் 'மட்டுமே' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது நெஞ்சு உறுத்தியது. நீங்கள் இதை நம்ப வேண்டும். என் தொழிலில் ஒரு வார்த்தை பிசகினால் ஒருவன் கை போய்விடும். அச்சில் ஒன்று, நடப்பில் வேறொன்று என்பதை நான் பொறுத்துக்கொண்டதே இல்லை. எழுதியதும் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றாக்க வழி இரண்டு. எழுதியதைத் திருத்தலாம், அதற்கு அபராதம் உண்டு. வீட்டைத் திருத்தலாம், அதற்கு ஒன்றும் கிடையாது.

அன்று சாயங்காலமே மனைவியிடம் பேசினேன். அவள் ஒரு ஆஸ்பத்திரியின் மருந்துப் பிரிவில் வேலை பார்க்கிறாள். நின்றுகொண்டே இருக்கிற வேலை. வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா ஹால்ல படுக்கணுமா? எதுக்கு?"

"அறை ஆபீஸுக்கு மட்டும்னு எழுதிக் குடுத்திருக்கேன்."

"எழுதினா எழுதிட்டுப் போகுது. அவர் கட்டில் என்ன பண்ணுது உங்கள?"

"பொய்யாயிடும்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். மாமனார்தான் சமாதானம் செய்தார். "விடும்மா. ஹால்ல டிவி இருக்கு. எனக்கு லாபம்தான்." கட்டிலை நாங்கள் இருவரும் சேர்ந்து தூக்கினோம். கனமான முனையை அவர் பிடித்துக்கொண்டார். மாமியாரின் படம் ஒன்று அறைச் சுவரில் இருந்தது. அதற்கும் தொழிலுக்கும் சம்பந்தமில்லை. கழற்றிக் கொடுத்தேன். அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது.

அந்த ஆண்டு சலுகை சிக்கலில்லாமல் கிடைத்தது. அதில் நாங்கள் மூவருமே பயனடைந்தோம் என்பதைச் சொல்லியாக வேண்டும். புது குளிர்சாதனப் பெட்டி வாங்கினேன். மாமனார் அதைத் திறந்து திறந்து மூடி, "உள்ள லைட் அணையுதான்னு எந்தப் புக்குல போட்டிருக்கு மாப்பிள்ளை?" என்று கேட்டார்.

அடுத்த ஆண்டு ஹால். ஒரு கம்பெனிக்காரர் கையேடு விஷயமாக வந்து சோபாவில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனார். வாடிக்கையாளர் காத்திருக்கும் இடத்தையும் கணக்கில் காட்டலாம் என்று ஆடிட்டர் சொன்னார், காட்டினேன். சோபாவுக்கு எதிரில் ஒரு முதியவர் பனியனோடு கட்டிலில் படுத்திருந்தால் அது காத்திருக்கும் இடம் ஆகாது. ஆனால் உடனே அவரை எழுப்பிவிட நான் கல்நெஞ்சன் இல்லை. அவரை வேறெங்கே வைப்பது என்றும் புரியவில்லை. கொஞ்ச நாள் எழுத்துக்கும் வீட்டுக்கும் இடையில் அந்த இடைவெளியைச் சகித்துக்கொண்டேன். சரியாகத் தூக்கம்கூட வரவில்லை.

அப்போதுதான் வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வீட்டை நேரில் பார்வையிட அதிகாரி வருவார் என்று. அதே வாரத்தில் என் மனைவியின் தங்கைக்குப் பிரசவம். மனைவி துணைக்குப் போக வேண்டியிருந்தது. போகும்போது வாசலில் நின்று, "அப்பாவுக்குக் குளிர் ஒத்துக்காது. போர்வை ரெண்டு போட்டு விடுங்க" என்றாள். நான் சரி என்றேன். போர்வை இரண்டு போட்டேன். அதில் என்மீது குறை சொல்ல முடியாது.

வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் இருக்கிறது. நீங்கள் பார்த்தீர்கள். தகரக் கூரை, மரக் கதவு, ஒரு சின்ன ஜன்னல். கம்பெனிகள் அனுப்பும் சாமான்களை அங்கே போட்டுவைத்திருந்தேன். டப்பாக்களை ஒதுக்கிக் கட்டிலைப் போட்டால் ஒரு ஆள் தாராளமாகப் படுக்கலாம். மாமனாரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அதிகாரி வந்துட்டுப் போற வரைக்கும் மாமா. அப்புறம் பார்த்துக்கலாம்."

அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "டிப்போவுல பஸ் சீட்டுலயே படுத்துத் தூங்கினவன் மாப்பிள்ளை நான். இது அதவிடப் பெருசு. ஹாரன் சத்தமும் இல்ல." தன் கம்பளிக் குல்லாவை மாட்டிக்கொண்டு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போனார்.

மனைவி தினமும் போன் செய்தாள். "அப்பா என்ன பண்றார்?" என்பாள். "பின்னாடி இருக்கார்" என்பேன். அது பொய் இல்லை. அவரிடம் போனைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவரும் எதையும் சொல்லவில்லை. "நல்லா இருக்கேம்மா, மாப்பிள்ளை கவனிச்சுக்கறார்" என்றார். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்திருக்கலாம். காட்டிக்கொடுக்க அதில் ஒன்றும் இல்லை என்பதுதான் என் எண்ணம்.

அதிகாரி வர வேண்டிய நாளன்று காலையில் மழை. காற்று வேறு. ஜன்னலிடுக்கில் சாரல் அடிக்கிறது என்று அவரே சொன்னார். அட்டை வைத்துச் சுற்றிலும் டேப் ஒட்டி அடைத்தேன். கதவின் அடியில் பழைய சாக்கை மடித்துச் சொருகினேன். அப்படியும் அவருக்கு நடுக்கம் நிற்கவில்லை. "அடுப்பங்கரையில கொஞ்ச நேரம் உட்கார்ந்துக்கவா?" என்று கேட்டார். எந்த நிமிடமும் அதிகாரி வரலாம். அடுப்பங்கரையிலிருந்து அவர் பேசினால் தெருவுக்கே கேட்கும். அதனால் டப்பாவிலிருந்த காஸ் ஹீட்டர் ஒன்றை எடுத்துச் சிலிண்டரோடு வைத்துக் கொடுத்தேன்.

அந்த ஹீட்டரின் கையேட்டை எழுதியவன் நான். ஆகவே எனக்குத் தெரியுமா என்று நீங்கள் சுற்றிவளைத்துக் கேட்க வேண்டியதில்லை. காற்றோட்டம் இல்லாத அறையில் பயன்படுத்தக் கூடாது. மணமோ நிறமோ இல்லாத நச்சு வாயு சேரும். முதலில் தலைவலி, பிறகு மயக்கம், பிறகு மரணம். என்னுடைய வாக்கியங்கள்தான். தெளிவாக இருக்கிறது என்று கம்பெனியில் பாராட்டினார்கள்.

"எப்படிப் பத்த வைக்கறது மாப்பிள்ளை?" என்று கேட்டார். குமிழை அழுத்தித் திருப்பிக் காட்டினேன். நெருப்பு வந்ததும் இரண்டு கையையும் நீட்டிச் சிறு பிள்ளைபோலச் சிரித்தார். பிறகு ஒன்று கேட்டார். "இதுக்கு நீங்க எழுதின புக்கு இருக்குமே. குடுங்களேன், படிச்சுக்கிட்டு இருக்கேன். பொழுது போகும்."

நான் எழுதிய எதையும் அவர் அதுவரை படிக்கக் கேட்டதில்லை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் என் கையேடுகள் எல்லாவற்றையும் அதிகாரியின் பார்வைக்காக ஆபீஸ் அலமாரியில் வரிசையாக அடுக்கிவைத்திருந்தேன். ஒன்றை உருவினால் நடுவில் பல் விழுந்த மாதிரி இருக்கும். "அது ஆபீஸ் காப்பி மாமா. அப்புறம் தர்றேன்" என்றேன்.

"சரி. நான் இருக்கறதே தெரியாது பாருங்க" என்று வாயில் விரல் வைத்துக் காட்டினார்.

கதவு காற்றில் அடித்துக்கொண்டது. வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டேன்.

அதிகாரி ஒரு பெண். சளி பிடித்திருந்தது. மரியாதையானவர், செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் வந்தார். அறையைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், ஒரு கையேட்டை எடுத்துப் புரட்டி, "இதெல்லாம் ஒருத்தர் உட்கார்ந்து எழுதறாங்கன்னே நான் நினைச்சதில்ல" என்றார். எத்தனை பேர் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள்? யாரும் இல்லை.

"இங்க யாரும் தூங்கறது இல்லையே?"

"இல்ல மேடம்."

"வீட்டுல வேற யார் இருக்காங்க?"

"மனைவி ஊருக்குப் போயிருக்காங்க. மாமனார் வெளிய இருக்கார்."

அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். அப்போதுதான் பின்பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. கதவில் உள்ளங்கையால் தட்டுகிற சத்தம். ஓங்கித் தட்டவில்லை. தொந்தரவு கொடுக்கத் தயங்குகிறவர் தட்டுகிற மாதிரி.

"என்ன சத்தம் அது?"

"பின்னாடி ஷெட் மேடம். கம்பெனி ஹீட்டர் ஒண்ணு ஓடிக்கிட்டிருக்கு. காத்துக்கு எதாவது அடிச்சுக்கும்."

இதிலும் ஒவ்வொரு வாக்கியமாக எடுத்துப் பார்த்தால் பொய் இல்லை.

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு என் கோப்பைத் திருப்பினார். "கம்பெனி சாமான் வைக்கற ஷெட்டா? அத நீங்க காட்டவே இல்லையே. காட்டலாம் சார், உங்களுக்கு உரிமை உண்டு. வாங்க, அளந்துடலாம். ரெண்டு நிமிஷ வேலை."

எழுந்தே விட்டார். கையில் அளக்கும் டேப். பின்பக்கம் போனால் கதவு. கதவைத் திறந்தால் கட்டில், போர்வை, கம்பளிக் குல்லா. நான் யோசித்தேன். ஆசை இல்லாமல் இல்லை. இன்னொரு இடம், அதுவும் ஒரு அதிகாரியே வலிய வந்து தருகிறார். ஆனால் அந்த நிமிடம் அந்த ஷெட்டில் ஒருவர் வசித்துக்கொண்டிருந்தார். அதைத் தொழிலுக்கு மட்டும் என்று எப்படிச் சொல்வது?

"இந்த வருஷம் வேண்டாம் மேடம்," என்றேன். "அது முழுக்கத் தொழிலுக்குன்னு இன்னும் சொல்ல முடியாது."

அவர் திரும்பி உட்கார்ந்தார். சிரித்தார். "நான் போற வீட்டுல எல்லாம் நாய்க் கூண்டு வரைக்கும் ஆபீஸ்னு காட்டுவாங்க. குடுக்கறத வேண்டாம்னு சொன்னது நீங்கதான் சார்."

இன்றைக்கும் அந்த வார்த்தையை நினைத்தால் மனம் நிறைகிறது. பின்னால் தட்டுவது தொடர்ந்தது. முன்பைவிட நெருக்கமாக, கொஞ்ச நேரம். பிறகு விட்டு விட்டு. நாங்கள் மின்கட்டண விவரத்தைப் பேசி முடித்தோம். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவர் கையெழுத்துப் போட்டார். வாசல்வரை போய்க் குடையை விரித்துக் கொடுத்தேன்.

இங்கேதான் நீங்கள் என்னைத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அதிகாரி போன பிறகும் ஏன் திறக்கவில்லை என்று. அவர் திரும்பி வரலாம் என்று பயந்தேன் என்று முதலில் சொன்னேன். சத்தம் கேட்கவில்லை என்று சொல்லும்படி என் வக்கீல் சொல்லிக்கொடுத்தார். இரண்டும் சரியில்லை. சத்தம் கேட்டது. மெலிதாக, நகம் உரசுகிற மாதிரி இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அது ரேடியோவும் இல்லை, காற்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். உள்ளே என்ன நடக்கிறது, எந்த வரிசையில் நடக்கிறது என்பதுவரை தெரியும். இப்போது அவருக்குக் கால் வராது, இப்போது கூப்பிட நினைப்பார், குரல் எழும்பாது. நான் போய்த் தாழ்ப்பாளைத் தூக்கியிருந்தால் போதும்.

நான் ஆபீஸுக்குள் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். அறை அமைதியாக இருந்தது. மேஜை, அலமாரி, விளக்கு. பின்னால் யாரும் இல்லை. சுவிட்ச் போட ஒரு புத்தகமா என்று கேட்க யாரும் இல்லை. எழுதிக் கொடுத்தபடியே எல்லாம் இருந்தது, வீடு முழுக்க. கதவைத் திறந்தால் அவர் இருமிக்கொண்டே வந்து அந்தத் தரையில் சரிந்து படுப்பார். பிறகு கட்டில் வரும். படம் வரும். ரேடியோ வரும். சத்தம் நிற்கிறவரை உட்கார்ந்திருந்தேன். நின்ற பிறகும் கொஞ்ச நேரம். கையில் இருந்த ஒரு கையேட்டின் பிழைகளைத் திருத்தி முடித்தேன். அதில் ஒரு தவறுகூட விடவில்லை.

தூக்கத்திலேயே போயிருப்பார், வலி தெரிந்திருக்காது என்று முதலில் வந்த டாக்டர் சொன்னார். கதவின் உள்பக்கத்தைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

மனைவி ஓடி வந்தாள். அழவில்லை. காரியங்கள் முடிந்த பிறகு ஷெட்டுக்குள் போய் வெகுநேரம் நின்றாள். கதவில் இருந்த கோடுகளின்மேல் தன் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"அப்பா தட்டினாரா?"

நான் அவளிடம் எதையும் மறைத்ததில்லை. "தட்டினார்."

"உங்களுக்குக் கேட்டுதா?"

"கேட்டது."

தன் பெட்டியையும் அவருடைய ரேடியோவையும் எடுத்துக்கொண்டாள். தலையணைக்கு அடியிலிருந்த படத்தையும். அன்றே உங்களிடம் வந்திருக்கிறாள். அவள்மீது எனக்கு வருத்தம் இல்லை. நியாயமானவள், கோபம் தணிந்தால் வருவாள் என்று நினைத்தேன். வரமாட்டாள் என்று நேற்று நீங்கள் சொன்னீர்கள். இருக்கட்டும்.

எழுதியதைப் படித்துக் காட்டினீர்கள். சரியாக இருக்கிறது. கொலை என்ற சொல்லையும் நான் மறுக்கவில்லை. தெரிந்து செய்ததற்கு அதுதான் சொல் என்றால் அதையே போடுங்கள், கையெழுத்திடுகிறேன். ஆனால் ஒன்று என் ஆடிட்டருக்குத் தெரிய வேண்டும், அவரை ஒருமுறை பார்க்க அனுமதி கொடுங்கள். இந்த ஆண்டுக் கணக்கு இன்னும் தாக்கல் செய்யவில்லை. ஹாலில் யாரும் படுப்பதில்லை, அடுப்பங்கரையில் யாரும் சமைப்பதில்லை, ஷெட்டும் காலி. முழு வீட்டையும் எழுதச் சொல்லுங்கள். இந்தத் தடவை ஒரு பொய்கூட இருக்காது.